ஐயா ஊருக்குப் போன ஞாயிறுகள்

என் கணவர்மேல் எனக்குப் பொறாமை. இதை இப்படிப் பச்சையாக எழுத எனக்கு ஐம்பத்து நாலு வயது ஆக வேண்டியிருந்தது.

இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் எம்.பி.பி.எஸ். படித்தோம். பரீட்சைகளில் அவரைவிட எனக்குத்தான் எப்போதும் மார்க் கூடுதல். சமயம் கிடைத்தால் இன்றும் அதைச் சொல்லிக்காட்டுவேன், அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். சிரிக்கிறவரிடம் சண்டை போடவும் முடியாது. கல்யாணமான கையோடு எழுமலைக்கு வந்து கிளினிக் போட்டோம். முன்னறை அவருக்கு, பின்னறை எனக்கு. ஆரம்பத்தில் இரண்டு அறைக்கும் ஆள் வந்தது.

பிறகு ஊருக்குள் அவருக்குக் கைராசிக்காரர் என்று பேர் கிளம்பிவிட்டது. அதே காய்ச்சல் மாத்திரையை நான் எழுதினால் மூன்று நாள் ஆகுமாம், ஐயா எழுதினால் அன்று சாயங்காலமே உடம்பு குளிர்ந்துவிடுமாம். என் காதுபடவே சொல்வார்கள். என் அறை காலியாக இருந்தாலும் முன்னறை வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். "அம்மா சும்மாதான் இருக்காங்க, அங்கிட்டுப் போங்களேன்" என்று எங்கள் நர்ஸ் சொல்லிப் பார்ப்பாள். அந்தச் 'சும்மாதான்' என்ற வார்த்தையைச் சொல்லாதே என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

சும்மா இருந்த என்னைத் தேடி வந்தது காகித வேலை. கிளினிக்கைப் பதிவு செய்யவேண்டும், பதிவைப் புதுப்பிக்கவேண்டும். தீயணைப்புச் சான்று வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், குளுக்கோஸ் டியூப் சிவப்புப் பையில் போகவேண்டும், ஒவ்வொரு பையையும் தினமும் எடைபோட்டு நோட்டில் எழுதி, அதையே கம்ப்யூட்டரிலும் ஏற்றவேண்டும். ஏற்றும்போது போனுக்கு ஓ.டி.பி. வரும், வந்து சேர்வதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். என் கணவருக்குப் பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பானால் போதும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு நோயாளி பார்க்கப் போய்விடுவார். "இதுல நீதான் கெட்டிக்காரி" என்பார். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். தங்கப் பதக்கம் வாங்கிய கை, மஞ்சள் பைக்கு எடை எழுதிக்கொண்டிருந்தது.

இத்தோடு முடியவில்லை. டாக்டர்களாகிய எங்களையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதற்கு முப்பது கிரெடிட் பாயிண்ட் சேர்த்திருக்கவேண்டும். பாயிண்ட் மதுரையில் ஏதாவது ஓட்டல் ஹாலில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வாசலில் ஒட்டியிருக்கிற க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்யவேண்டும், சாயங்காலமும் ஒரு ஸ்கேன். நடுவில் ரோபோ வைத்து எப்படி ஆபரேஷன் செய்வது என்று படம் காட்டுவார்கள். தேள்கடிக்கும் படர்தாமரைக்கும் வைத்தியம் பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ஸ்கேனுக்காகக் கொட்டாவி விட்டபடி காத்திருப்பார்கள். இருபத்தைந்து வருஷம் நோயாளி பார்த்ததற்குப் பாயிண்ட் கிடையாது. ஓட்டல் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு உண்டு.

மாதத்துக்கு ஒரு கூட்டமாவது இருக்கும். இருவரும் ஒரே நாளில் போனால் கிளினிக்கைப் பூட்டவேண்டும், அதனால் ஒருவர் மாற்றி ஒருவர் போவது என்று பேச்சு. ஆனால் நான் அவரையே அனுப்பினேன். "உங்க கூட்டாளிகளைப் பாத்த மாதிரியும் இருக்கும், போயிட்டு வாங்க" என்பேன். அவரும் சந்தோஷமாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நல்ல மனைவி என்று அவருடைய நண்பர்கள் சொல்வார்களாம்.

நான் ஒரு நல்ல மனைவியும் இல்லை. அவர் இல்லாத ஞாயிறுகளில் நான்தான் டாக்டர். அவ்வளவுதான் காரணம். கார் சத்தம் உசிலம்பட்டி ரோட்டில் மறைந்ததும் முன்னறைக்குப் போய் அவர் நாற்காலியில் உட்காருவேன். வருகிறவர்கள் "ஐயா இல்லையா?" என்று முகத்தைச் சுருக்குவார்கள். நாலு பேர் திரும்பிப் போவார்கள், பத்துப் பேர் வேறு வழியில்லாமல் உட்காருவார்கள். அந்தப் பத்துப் பேர் எனக்குப் போதும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நிதானமாகக் கேட்பேன், தேவைக்கு மேலேயே கேட்பேன்.

அந்த ஞாயிறுகளில் எனக்கென்றே வருகிற ஒருத்தி இருந்தாள். பூப்பறிக்கிற வேலைக்குப் போகிறவள், வயது அறுபதுக்கு மேல். கர்ப்பப்பை இறங்கி ரொம்ப நாளாக யாரிடமும் சொல்லாமல் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டே வேலை செய்தவள். ஆபரேஷனுக்கு மாட்டேன் என்றுவிட்டாள். உள்ளே தாங்குகிற ரப்பர் வளையம் ஒன்றை வைத்துவிட்டேன். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துவிட்டுப் புதிது மாற்றவேண்டும். வைத்துவிட்ட முதல் நாள் எழுந்து நடந்து பார்த்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஆம்பளை டாக்டருகிட்ட இதை எப்படித்தாயி சொல்லுவேன்? நீங்க இருக்கப்போய் ஆச்சு" என்றாள். என்னை அப்படி யாரும் பிடித்துக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது.

வாரநாளிலும் அவளை நான் பின்னறையில் பார்த்திருக்கலாம். தடை ஒன்றும் இல்லை. ஆனால், "ஐயா ஊருக்குப் போற ஞாயித்துக்கிழமை வாங்க" என்று நான்தான் சொல்லிவைத்தேன். என் ஞாயிறுக்கு அவள் வேண்டும். அவளும் போன் செய்து, "ஐயா என்னைக்கு மதுரைக்குப் போறாக?" என்று கேட்டுக்கொண்டு வருவாள்.

ஐந்து வருஷம் முடிய மூன்று மாதம் இருந்தது. அவரிடம் இருநூறைத் தாண்டிப் பாயிண்ட் இருந்தது. என்னிடம் எட்டு. எனக்கு இது தெரியும், இரண்டு கணக்கையும் பார்க்கிறவளே நான்தானே. ஒருநாள் அவராகவே, "இந்த வாரம் நீ போயேன், எனக்கு ரோபோ பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு" என்றார். அந்த ஞாயிறு பூக்காரம்மாவுக்கு வளையம் மாற்றவேண்டிய நாள். "எனக்குப் பாயிண்ட் இருக்கு, நீங்க போங்க" என்று பொய் சொன்னேன். காகிதம் என்றால் அவருக்கு நான் சொல்வதுதான் வேதவாக்கு. கிளம்பிப் போனார்.

அடுத்த மாதமும் அதே பொய். அதற்கடுத்த மாதம் தேதி வந்தது. அவருடைய சான்றுகளை ஏற்றினேன், மறுநாளே புதுப்பித்து வந்துவிட்டது. என்னுடையது வரவில்லை. பாயிண்ட் போதாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. அன்றிலிருந்து ஒரு தலைவலி மாத்திரை எழுதித்தரக்கூட எனக்கு உரிமை இல்லை. விதியைத் திட்டினேன், ஓட்டல் ஹாலைத் திட்டினேன், ரோபோவைத் திட்டினேன். எல்லாம் திட்டத் தகுந்தவைதான். ஆனாலும் இதில் என்னை மாட்டிவிட்டது என் பொறாமை.

மறைத்துவைக்க முடியவில்லை. அந்த வாரமே கிளினிக் பதிவுக்கான பாரம் அனுப்பவேண்டியிருந்தது. 'பணிபுரியும் மருத்துவர்கள்' என்ற இடத்தில் எப்போதும் இரண்டு என்று போடுவேன். இப்போது ஒன்று என்று போட்டு, என் பெயரை என் கையாலேயே எடுத்துவிட்டு, கையெழுத்துக்கு அவர்முன் வைத்தேன்.

அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள், அன்றைக்கென்று படித்தார். "ஏன் ஒண்ணுன்னு போட்டிருக்க?"

சொன்னேன். பாயிண்ட் இல்லாததை மட்டும் சொன்னேன், ஏன் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாகக்கூட இருந்திருக்கும். "சரி விடு, நாலஞ்சு ஞாயிறு போனா சேந்துரும். நீ எப்பவும் பாக்குற வேலையத்தானே பாக்கப்போற? கிளினிக்குக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் சொன்னது சரி. ஒன்றும் ஆகவில்லை. சட்டப்படி நான் டாக்டர் இல்லாத அந்த நாலு மாதத்தில் ஒரு நோயாளிகூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஓட்டல் வாசலில் ஸ்கேன் செய்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ரோபோ நன்றாகத்தான் ஆபரேஷன் செய்தது.

அந்தச் சமயத்தில்தான் பூக்காரம்மா போன் செய்தாள். "ஐயா என்னைக்கு மதுரைக்குப் போறாக தாயி?"

"இனிமே ஐயா போகமாட்டாரு. நான்தான் போறேன்."

"அப்ப நான் எப்ப வாரது? ரெண்டு நாளா வலிக்கிதே."

வலிக்கிறது என்றபின் தள்ளிப்போட முடியாது. மறுநாளே வரச்சொன்னேன். வந்தவள் நேராகப் பின்னறைக்கு வந்து என் மேஜைமுன் நின்றாள். காகிதக் கோளாறு ஒன்று இருக்கிறது, இப்போதைக்கு நான் வைத்தியம் பார்க்கக்கூடாது, ஐயாவிடம்தான் காட்டவேண்டும் என்று சொன்னேன்.

"என்ன தாயி சொல்றீக? ஆம்பளைகிட்டயா?" அவள் கண் கலங்கிவிட்டது. "ஒங்க கைதானே. யாருக்குத் தெரியப்போகுது?"

வெளியே யாருக்கும் தெரிந்திருக்காதுதான். கையுறையை எடுக்க நான் பாதி எழுந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏதாவது கோளாறாகிவிட்டால் அவள் கதி என்ன என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸைக் கூப்பிட்டு, கூடவே இருக்கச்சொல்லி, அவளை முன்னறைக்கு அனுப்பினேன். கதவு மூடியது.

அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றேன். அவள் அழுதுகொண்டே வெளியே வந்துவிடவேண்டும், எனக்கு அம்மாதான் வேண்டும் என்று வாசலில் எல்லார்முன்னும் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு டாக்டர் ஆசைப்படக்கூடாத ஆசை அது.

பத்து நிமிஷத்தில் வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "ஐயா கண்ணை வேற பக்கம் வச்சுக்கிட்டே பேசிக்கிட்டிருந்தாரு தாயி. எங்க ஊருப் பூவு வெலையெல்லாம் கேட்டாரு. எப்ப மாத்துனாருன்னே தெரியல, இம்புட்டுக்கூட வலிக்கல" என்று விரல்நுனியைக் காட்டினாள். நல்லது என்றேன். பஞ்சை மஞ்சள் பையிலும் பழைய வளையத்தைச் சிவப்புப் பையிலும் நர்ஸ் கட்டிக்கொண்டுவந்தாள், எடை எழுதினேன்.

நாலு மாதத்தில் முப்பது சேர்ந்தது. சான்று வந்த அன்று அவர் திருநெல்வேலி அல்வா வாங்கிவந்தார். பின்னறையில் என் மேஜையில் இருந்த ஃபைல்களையெல்லாம் அலமாரியில் ஏற்றினேன். பரிசோதனைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். வளையம் மாற்றும் நாள் அந்த வாரத்தில்தான் வந்தது, வேண்டிய சாமான்களைக் காலையிலேயே கொதிக்கவைத்து எடுத்துவைத்தேன்.

அவள் பத்து மணிக்கு வந்தாள். நர்ஸ் லீவு, அதனால் சீட்டுப் போடுகிற கம்ப்யூட்டர்முன் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மடியிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து எனக்குக் கொடுத்தாள்.

"எனக்கு எல்லாம் சரியாயிருச்சு. இனிமே நானே பாக்கலாம்" என்றேன்.

"அப்படியா தாயி, ரொம்ப சந்தோசம்" என்றாள் மனசார. அப்புறம் என் முன்னால் இருந்த கம்ப்யூட்டரையும் நோட்டுகளையும் ஒரு பார்வை பார்த்தாள். "ஒங்களுக்கு எம்புட்டு வேலை கெடக்கு. ஒங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்? நான் ஐயாகிட்டயே காட்டிக்கிறேன்."

சொல்லிவிட்டு முன்னறை வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுக்குச் சீட்டுப் போட்டேன். 'டாக்டர்' என்ற இடத்தில் இப்போது மறுபடியும் இரண்டு பெயர் இருந்தது. அவர் பெயரை அழுத்தினேன்.