தலையாட்டும் முறை

மாநிலங்களைப் பிரித்து, பாலக்காட்டைக் கேரளத்தோடு சேர்த்த புதிது. அங்கே ஒரு கல்லூரியில் நான் பொருளாதாரப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரி முதல்வருக்கு ஓர் உத்தரவு வந்தது. பரீட்சை வரைக்கும் காத்திருக்காமல், பாடம் நடக்கும்போதே மாணவனுக்கு அது ஏறுகிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டுமாம். ஒரு வாரம், தினமும் மத்தியானம்.

ஆசிரியர்கள் அறையில் அதிகம் கொதித்தவர் பௌதிகப் பேராசிரியர். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். கல்லூரியின் டஸ்டர் சுத்தமில்லை என்று வீட்டிலிருந்து சொந்த டஸ்டர் கொண்டுவருபவர். வகுப்பில் ஒருநாளும் நாற்காலியில் உட்காராதவர்.

"இருபத்தஞ்சு கொல்லமா பாடம் எடுக்கறேன். பையன் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதோ எனக்கு? இதுக்கு ஒரு டிரெயினிங்காக்கும்!" என்றார். கொல்லம் என்றால் அவர் பேச்சில் வருஷம். நாங்களும் ஆமோதித்தோம். மத்தியானத் தூக்கம் போகிறதே என்ற வருத்தம் எங்களுக்கு.

பயிற்சி தர வந்தது ஒரு பெண். கோயமுத்தூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை. பிறந்த ஊர் மீனாட்சிபுரம் பக்கம். வயது முப்பத்தைந்து இருக்கலாம். மேடை ஏறாமல், எங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டார்:

"பாடம் முடிச்சதும் பசங்ககிட்ட என்னங்க கேப்பீங்க?"

"புரிஞ்சுதான்னு கேப்போம்."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

"புரிஞ்சுது சார்னு சொல்லுவாங்க."

"புரியலைன்னு கடைசியா எப்ப யாரு சொன்னாங்க?"

மலையாளம் எடுப்பவர் ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்.

"அப்ப இந்த வாரம் யாரும் அந்தக் கேள்வியக் கேக்கக் கூடாதுங்க" என்றார் அந்த அம்மாள். வண்டியிலிருந்து ஹாரனைக் கழற்றிக்கொண்ட மாதிரி இருந்தது எங்களுக்கு. பாடத்தை வேறு எப்படி முடிப்பது?

பேராசிரியர் எழுந்தார். "எனக்குக் கேக்கவே வேண்டா. மூஞ்சி போரும்."

"அப்படீங்களா சார்? அப்ப நாளைக்கு உங்க கிளாஸ்லயே பாத்துரலாமுங்க."

மறுநாள் முதல் வருட வகுப்பில் நாங்கள் எல்லோரும், முதல்வர் உட்பட, கடைசி பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பாடம், வெப்பமும் வெப்பநிலையும். பேராசிரியர் அருமையாகத்தான் பேசினார். முன் பெஞ்சில் ஒரு மாணவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினான். சங்கீதக் கச்சேரியில்கூட அப்படி ஒரு தலையாட்டலை நான் பார்த்ததில்லை. நடு பெஞ்சில் சித்தூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுப் பையன் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

பாடத்தின் நடுவே அந்த அம்மாள் நிறுத்தச் சொன்னார். "இப்ப மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க சார். யாருக்கு ஏறியிருக்குது, யாருக்கு ஏறலை?"

பேராசிரியர் யோசிக்கவே இல்லை. "இவனுக்கு முழுசும் ஏறியிருக்கு" என்று தலையாட்டியவனைக் காட்டினார். "அவனுக்கு ஒண்ணும் ஏறலை" என்று கொட்டாவிக்காரனைக் காட்டினார்.

அம்மாள் மாணவர்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஒரு பக்கம் எரியற தீக்குச்சி. இன்னொரு பக்கம் ஒரு அண்டா வெதுவெதுப்பான தண்ணி. எதுல வெப்பம் அதிகம்? தீக்குச்சின்னு நினைக்கறவங்க கையத் தூக்குங்க."

வகுப்பில் முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. தலையாட்டியவன் கைதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. கொட்டாவிக்காரன் கை இறங்கியே இருந்தது. அவனை எழுப்பிக் காரணம் கேட்டபோது கூச்சத்தோடு சொன்னான்: "குச்சி சூடு ஜாஸ்திதானுங்க. ஆனா அத வெச்சு அந்த அண்டாத் தண்ணியக் காய வெக்க முடியுங்களா?"

பேராசிரியர் முகம் கறுத்துவிட்டது. முன் பெஞ்சுக்காரனிடம் போய் நின்றார்.

"பின்னே என்னத்துக்குடா இத்தன நேரம் தலைய ஆட்டினாய்?"

அவன் எழுந்தான். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தான். முதல்வரைப் பார்த்தான். பிறகு, "இன்னைக்கு என் முறை சார்" என்றான்.

"என்ன முறை?"

"தலையாட்டற முறை சார். யாராவது தலையாட்டினாத்தான் நீங்க அடுத்ததுக்குப் போவீங்க. இல்லைன்னா முதல்லேந்து ஆரம்பிச்சிருவீங்க. அதனால தினம் ஒருத்தர்..."

"எப்பலேந்து இது?"

"போன வருஷத்துப் பசங்களே இப்படித்தானாம் சார். அவங்கதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க."

எங்களில் ஒருவருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் கரும்பலகைக்குத் திரும்பி, எழுத்தே இல்லாத இடத்தைச் சொந்த டஸ்டரால் நிதானமாகத் துடைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் பயமாகப் போய்விட்டது. அந்த அம்மாளும் கையைப் பிசைந்துகொண்டு, "சார், அவங்க மரியாதைக்குத்தானுங்க..." என்று ஏதோ சொல்ல வந்தார்.

அதற்குள் பேராசிரியர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பையனிடம், "நாளைக்கு யார் முறை?" என்று கேட்டார். ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான். "உனக்கு லீவு. உக்காரு" என்றார். பிறகு கொட்டாவிக்காரனைப் பலகைக்கு அழைத்து, அண்டாவைப் படம் போடச் சொல்லி, பாடத்தை அங்கிருந்து மறுபடி எடுத்தார். மணி அடித்தது. ஒருவனும் எழுந்திருக்கவில்லை. நாங்களும்தான்.

அடுத்த நாள் என் முறை. சுங்கவரி பற்றிப் பாடம் நடத்திவிட்டு, அந்த அம்மாள் சொன்னபடி, "இதை உன் வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வாய்? எந்த பாஷையிலும் சொல்லலாம்" என்றேன். புத்தக ஆங்கிலத்தை அப்படியே ஒப்பிப்பவன் ஒருவன் வாயே திறக்கவில்லை. வாளையார்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் ஒருவன் எழுந்தான். "எங்கூர்ல புதுசா செக்போஸ்டு போட்டிருக்காங்கல்லங்க சார். நேத்து வரைக்கும் ஒரே ராஜ்யம், லாரி பாட்டுக்குப் போச்சு. இப்ப நிறுத்தி, என்ன சரக்குன்னு கேக்கறாங்க. அதே மாதிரி தேசத்து வாசல்ல நிறுத்திக் காசு வாங்கினா அது சுங்கம். சரிங்களா?" என்றான். சரிதான். நான் நாற்பது நிமிடம் பேசியதைவிடச் சுருக்கமாகவும் இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் துணிக்கடையில் இதை அத்தாவிடம், அதாவது என் தகப்பனாரிடம், சொன்னேன். அத்தா துணியை மடித்துக்கொண்டே கேட்டார்: "வாங்க வந்தவனுக்குத் துணி பிடிச்சிருக்கான்னு அவன் கையப் பாத்தாத் தெரியும். வாயக் கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். இதப் படிக்கவா ஒரு வாரம்?"

"நீங்களும் இருபது சேலையப் பிரிச்சுப் போட்டப்புறம்தானே கண்டுபிடிக்கிறீங்க, அத்தா?" என்றேன். அத்தா முன்னால் குவிந்திருந்த சேலைகளில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டார், மடிக்கச் சொல்லி.

வாரம் முடிந்து அந்த அம்மாள் கோயமுத்தூர் ரயில் ஏறிப் போனார். எங்களைப் பிடித்த சனி அதன் பிறகுதான் ஆரம்பித்தது. பேராசிரியர் முழு மூச்சாக மதம் மாறிவிட்டார். காப்பி கிளப்பில் பரிமாறுபவர், சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் காப்பி எடுக்கப் போகலாம். எங்களிடம் எதையாவது சொல்லிவிட்டு, "எங்கே, உங்க வார்த்தைல சொல்லுங்கோ" என்பார். அவர் வருகிற வழியை நாங்கள் மாற்றிக்கொண்டோம். வீட்டிலும் விடவில்லை. அவரே வந்து சொன்னார்:

"நேத்திக்கு அவள்ட்ட, ரசத்துல புளி ஜாஸ்தின்னேன். நான் சொன்னத உன் வார்த்தைல சொல்லுன்னேன். 'உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு சொன்னேள்'ங்கறாள்!"

எல்லாம் சரி, ஆனால் பாடம் நகரவில்லை. கேட்கலாம் என்று தெரிந்ததும் மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாசி மாதத்தில் முதல்வர் பேராசிரியரையும் என்னையும் அழைத்தார். "மற்றவர்களெல்லாம் முடித்துவிட்டார்கள். உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்ன?" என்றார். பேராசிரியர், "அவாளுக்குப் புரியறது சார், அதான் தாமசம்" என்று பவ்யமாகச் சொன்னார். முதல்வர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் வகுப்பு வைப்பது என்று முடிவாயிற்று. முதல் வாரம் நாலைந்து பேர்தான் வந்தார்கள். அப்புறம் வகுப்பே வந்தது, வாளையார்ப் பையன் உட்பட. "மீனாட்சிபுரத்தம்மா எனக்கிருந்த சனிக்கிழமை லீவையும் கொண்டுபோயிட்டாள்" என்று பேராசிரியர் வெயிலில் முனகிக்கொண்டே நடப்பார். ஆனாலும் நான் கல்லூரி வாசலில் நுழையும்போது அவர் வகுப்புக்கு மாடிப்படி ஏறி முடித்திருப்பார்.