கரஸ்பாண்டன்ட் கொண்டுவந்த குச்சிப்பூச்சிகள்

அந்த இரண்டு பூச்சிகளும் யாருடையவை? இந்தக் கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. கொண்டுவந்தவர் ஒருவர். தீனி போட்டவள் நான். இருந்த இடம் என் வீடு. கேஸ் என்று வந்திருந்தால் யார் பேரில் எழுதியிருப்பார்கள்?

சிவகாசிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் பயாலஜி டீச்சராக இருந்தேன். தனியார் பள்ளி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். எழுதுவது சரியா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

பிஸ்கட் டின்

எங்கள் கரஸ்பாண்டன்டுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. பள்ளியையும் கம்பெனி மாதிரியே நடத்துவார். பரீட்சைக் காலத்தை "சீசன்" என்பார். ஒரு கோடை விடுமுறையில் மலேசியாவுக்கு டூர் போய்விட்டு வந்தார். பள்ளி திறந்த அன்றே ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது.

"பயாலஜி டீச்சர், இங்கன வாங்க. ஒங்களுக்கு ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன்."

திறந்தார். உள்ளே என் கையளவுக்கு ஒரு பச்சைப் பூச்சி. இலையை மடித்து வைத்தது போல அகலமான உடம்பு, கால் முழுக்க முள். அது பெண். பக்கத்தில் ஒல்லியாக, பழுப்பு நிறத்தில் சுள்ளி மாதிரி ஆண். இரண்டும் குச்சிப்பூச்சிகள். நம் வேலிகளிலும் குச்சிப்பூச்சி உண்டு, ஆனால் இப்படி ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவர் விரலால் தொட்டதும் பச்சைப் பூச்சி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு 'உஸ்ஸ்' என்று சீறியது. தமிழ் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார்.

"ஐயா, திரி பத்திருச்சு!"

எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யோசிப்பதற்கு முன் கால் ஓடிவிடும். பாதி ஸ்டாஃப் ரூம் எழுந்துதான் நின்றுகொண்டிருந்தது.

"ஏர்போர்ட்டுல ஒண்ணும் கேக்கலையா சார்?" என்று நான் கேட்டேன்.

"பிஸ்கட் டின்னைப் பாத்து என்னத்தக் கேப்பாக? எனக்கு ரெண்டு குடுங்கன்னா?"

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் என் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பதை மனசு குறித்துக்கொண்டது. செடி, விதை, விலங்கு எதையும் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் நான்.

லேபில் ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. அடியில் மண், மேலே கொய்யாக் கிளை. சயின்ஸ் எக்ஸிபிஷனில் மதுரைப் பள்ளிகள் எல்லாம் வாயைப் பிளக்க வேண்டும் என்று கரஸ்பாண்டன்ட் சொன்னார். கொய்யா இலை பறித்துப் போடுவது என் வேலை ஆயிற்று.

வேனில் வந்த தொட்டி

பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் வருவதாகப் பேச்சு வந்தது. அன்று என் மகளுக்குக் காய்ச்சல் என்பதால் நான் லீவில் இருந்தேன். மதியம் ஸ்கூல் வேன் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. டிரைவர் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"டீச்சர், எங்கன வைக்கட்டும்? சார் ஒங்க வீட்டுல எறக்கச் சொன்னாக."

கரஸ்பாண்டன்டுக்குப் போன் செய்தேன். "நாலு நாளைக்குத்தான் டீச்சர். ஒங்கள விட்டா யாரு பொறுப்பாப் பாப்பாக?" என்றார். பொறுப்பு என்று சொன்னால் எனக்கு மறுத்துப் பேச வராது. பீரோவுக்கு மேலே வைக்கச் சொன்னேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தொட்டியைக் காட்டி "பூ, பூ" என்றாள். அந்த முள்ளில் விஷம் இருக்குமா, கை வைத்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

என் கணவர் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். சாயங்காலம் வந்தவர் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, மேல புதுக் குடித்தனம் வச்சிருக்கே?"

இன்ஸ்பெக்‌ஷன் என்பதால் அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"அப்படிச் சொல்லு. செக்கிங் வண்டி சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கெளம்பிருச்சுன்னு போன் வந்தா எங்க லைன்ல என்ன நடக்கும்? அளவுக்கு மேல உள்ள சரக்கு பூராம் வேலைக்காரங்க வீட்டுக்குப் போயிரும். மொதலாளி குடோன் தொடச்சு விட்ட மாதிரி இருக்கும். வீட்டுல மாட்டுச்சுன்னா அது வீட்டுக்காரன் சரக்கு. மொதலாளிக்கு ஒண்ணுமே தெரியாது."

"இது பூச்சிதானங்க. சரக்கா?"

"லைசென்ஸ் இல்லைன்னா எல்லாம் சரக்குதான்."

அன்றிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது. தொட்டியை எடுக்க யாரும் வரவில்லை. கரஸ்பாண்டன்டிடம் கேட்டபோது, "இருக்கட்டும் டீச்சர், ஒங்க கையால போட்டாத்தான் நல்லாத் திங்குது" என்றார். அது என் மேல் உள்ள நம்பிக்கையா, நான் சந்தேகப்படுவதுதான் தப்பா என்று பல நாள் குழம்பினேன். கைகழுவும் வேலை வேறு கூடிப்போனது. இலை போட்டுவிட்டு வந்து மூன்று தடவை சோப்புப் போடாமல் மகளைத் தூக்க மாட்டேன்.

சூலக்கரையில் ஒரு பாடச் சந்தேகம்

முறைப்படி அனுமதி வாங்கிவிட்டால் பயமில்லை என்று நினைத்து, அரை நாள் லீவு போட்டுவிட்டு விருதுநகர் போனேன். சூலக்கரையில் முதலில் வனத்துறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன்.

"எந்த ஊருப் பூச்சிம்மா?"

"மலேசியா சார்."

"நம்ம நாட்டு வண்டு, வண்ணத்துப்பூச்சின்னா பட்டியல் இருக்கு. அதுல உள்ளதை வீட்டுல வச்சிருந்தா நாங்க கேஸ் போடுவோம். மலேசியாக்காரன் பூச்சிக்கு எங்களுக்குப் பட்டியல் கெடையாதே. வெவசாய ஆபீஸ்ல கேளுங்க."

விவசாய ஆபீஸில் இருந்தவர் வயதானவர், மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"என்ன திங்கும்?"

"கொய்யா இலை சார்."

"அப்ப பயிருக்கு ஆகாத பூச்சின்னுதான் பாப்பாக. உசுரோட வெளிநாட்டுப் பூச்சி கொண்டு வரணும்னா மொதல்லயே அனுமதி வாங்கணும். ஏர்போர்ட்டுல, ஹார்பர்ல குவாரன்டைன் ஆபீஸ் இருக்கு. அவுக பாத்துத்தான் உள்ள விடுவாக."

"கொண்டு வந்த பெறகு அனுமதி வாங்குனா?"

"பெறகுங்கிற பேச்சே இல்லம்மா."

"அப்ப இருக்குறதை என்ன செய்யணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்குதா? யார்கிட்ட இருக்கு?"

"இல்ல சார். சும்மா, பாடத்துல ஒரு சந்தேகம்."

"நீங்க எந்த ஸ்கூலு டீச்சர்?"

நான் டீச்சர் என்று அவரிடம் சொல்லவே இல்லை. பிள்ளை காய்ச்சலாக இருக்கிறாள் என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாடம் என்று சொன்னதை வைத்துக் கண்டுபிடித்திருப்பார் என்று பஸ்ஸில் சிவகாசி வரும்போதுதான் உறைத்தது. அதற்குள் பஸ்ஸை முந்திய ஜீப்புகள் எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் போகின்றன என்று நம்பிவிட்டேன்.

கைதட்டல்

எக்ஸிபிஷனுக்கு முந்தின நாள் தொட்டியைக் கழுவினேன். மண் நாற்றமெடுத்திருந்தது. பின்வாசல் கொய்யா மரத்தடியில் கொட்டிவிட்டுப் புது மண் போட்டு வேனில் ஏற்றிவிட்டேன்.

சிறப்பு விருந்தினராக ஒரு கல்வி அதிகாரி வந்திருந்தார். எரிமலை, காற்றாலை எல்லாம் பார்த்துவிட்டு எங்கள் மேஜையில் நின்றார். பச்சைப் பூச்சி சீறியது. ஒரு அடி பின்னால் போனார்.

"அருமையா இருக்கே! இதை யாரு வளக்குறது?"

கரஸ்பாண்டன்ட் என் பக்கம் கையை நீட்டினார். "நம்ம பயாலஜி டீச்சர்தான் சார். சொந்த ஆர்வம். அவுக வீட்டுலயே வச்சு வளக்குறாக. எங்கன இருந்து புடிச்சாகன்னு எனக்கே சொல்ல மாட்டேங்குறாக!"

எல்லோரும் கைதட்டினார்கள். தமிழ் சாரும் தட்டினார். பிஸ்கட் டின் திறந்தபோது ஓடியவர் அவர்தான்.

வீட்டுல மாட்டினால் வீட்டுக்காரன் சரக்கு என்று கணவர் சொன்னது காதில் கேட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு போனால் மகளுக்கு யார் சாதம் ஊட்டுவார்கள் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன்.

"இல்ல சார்," என்றேன். "நீங்க மலேசியாவுல இருந்து பிஸ்கட் டின்னுல கொண்டு வந்தீங்க. எங்க வீட்டுக்கு நீங்கதான் அனுப்பி வச்சீங்க. டிரைவர் அண்ணனைக் கேளுங்க."

கைதட்டல் நின்றது. அதிகாரி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அடுத்த மேஜைக்குப் போனார்.

சாயங்காலம் தொட்டி காலியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கரஸ்பாண்டன்ட் ரூமுக்குப் போனேன்.

"நல்லாப் பேசுறீக டீச்சர். மைக்கு வச்சிருக்கணும்."

"பூச்சி எங்க சார்?"

"எந்தப் பூச்சி?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கொன்றாரா, வேறு யார் வீட்டு பீரோவுக்கு மேலே ஏற்றினாரா, இன்னும் தெரியாது. அடுத்த வருஷம் எனக்குப் பெரிய வகுப்புகள் தரவில்லை. வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன்.

கொய்யா மரம்

இதோடு முடிந்தது என்று இருந்தேன். பிறகு ஒருநாள் பிரவுசிங் சென்டரில் அந்தப் பூச்சியைப் பற்றிப் படித்தேன். பெண் பூச்சி மண்ணுக்குள் குத்தி முட்டையைப் புதைக்குமாம். முட்டை பொரிய ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகுமாம். எனக்கு உடனே கொய்யா மரத்தடி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினேன். "மரத்துக்குக் குளிப்பாட்டு நடக்குதா?" என்று கணவர் கேலி செய்தார். அதற்குள் மழை பெய்திருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறியிருந்தன. ஊற்றிய இடத்தில்தான் முட்டை இருந்ததா?

இளைய டீச்சர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிர்வாகம் எதையாவது உங்களிடம் ஒப்படைத்தால், அதைத் தொடுவதற்கு முன்பு இது யார் பேரில் இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் கேளுங்கள். பொறுப்பு என்று பாராட்டினால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள்.

போன வாரம் என் மகள் பின்வாசலில் இருந்து ஓடி வந்தாள். இப்போது நன்றாகப் பேசுகிறாள். "அம்மா, குச்சி நடக்குது" என்றாள். இலை இலையாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. சில இலைகளின் ஓரம் கடித்திருந்தது. அது சாதாரணப் புழுவாக இருக்கலாம். நம் ஊர்க் குச்சிப்பூச்சியாகவும் இருக்கலாம்.

படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். இங்கே பொரித்தது என்றால் அது மலேசியப் பூச்சியா, விருதுநகர் மாவட்டத்துப் பூச்சியா? எந்த ஆபீஸில் சொல்ல வேண்டும்? சொன்னால் யார் வீடு என்று எழுதிக்கொள்வார்கள்? நசுக்கிவிட்டுப் பேசாமல் இருந்தால் அதுவும் தப்பா? யோசனை சொல்லுங்கள். நான் எந்த ஸ்கூல் என்று மட்டும் கேட்காதீர்கள்.