உள்ளிருந்து திறக்காத கதவு

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இது என் தங்கை புருஷனுக்குப் பட்டப்பகலில் நடந்தது. மாப்பிள்ளை பயந்தாங்கொள்ளி இல்லை. பேய்ப் படம் ஓடும்போதே குறட்டை விடுகிற ஆசாமி. இப்போது ராத்திரியில் நாலு தடவை எழுந்து, மகள் படுக்கையில் இருக்கிறாளா என்று தொட்டுப் பார்க்கிறார்.

அவருக்கு டிங்கரிங் வேலை. பழைய கார்க் கதவுகளில் துரு அரித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பற்றவைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு டியூட்டி. அதனால் நாலு வயது மகள் குட்டிம்மாவும் பட்டறையில் இருந்தாள். அங்கே ஐம்பது வருஷத்துப் பழைய கார் ஒன்று நின்றது. நாலு கதவிலும் உள்பக்கக் கைப்பிடிகளைக் கழற்றியாயிற்று. ஏற்றியிருந்த கண்ணாடிகளில் நெருப்புப் பொறி படாமலிருக்கக் காகிதம் ஒட்டியிருந்தது. கதவை வெளியிலிருந்து திறக்கலாம். உள்ளிருந்து முடியாது.

மணி 12.10. பின்கதவின் அடியில் வைத்த தகட்டைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். தேய்த்த தகட்டை வெறுங்கையால் தொடக் கூடாது. வியர்வை உப்பு பட்டால் மறுநாளே அந்த இடத்தில் துரு பூக்கும். அந்த விஷயத்தில் மாப்பிள்ளை ரொம்பக் கறார்.

12.50. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தகட்டில் ஐந்து துருப்புள்ளிகள். விரல் நுனிகள். நாற்பதே நிமிஷத்தில்! அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"குட்டிம்மா, இதத் தொட்டியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத."

அவள் கையைப் பிடித்துப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குட்டிம்மாவின் கைதான் பெரிதாக இருந்தது...

தேய்த்து அழித்தார். அவளை முன்னறையில் பாயில் படுக்க வைத்துவிட்டு, துரு பிடிக்காமலிருக்க அடிக்கிற பிரைமர் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனார். பத்தே நிமிஷம். 1.20க்குத் திரும்பியபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். விலகியிருந்த போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

1.40. தகட்டில் பத்துப் புள்ளிகள். இரண்டு கைகள். தேய்த்தார். போகவில்லை. தன் கட்டுப்பாட்டை மறந்து விரலால் தடவினார். பத்து இடமும் வெளிப்பக்கம் புடைத்திருந்தன. உள்ளேயிருந்து யாரோ அமுக்கின மாதிரி...

2.05. டொக்... டொக்...

வெயிலில் தகரம் விரிகிற சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனசு நிலைகொள்ளவில்லை. முன்னறையை எட்டிப் பார்த்தார். அதே போர்வை. அதே முதுகு. மூச்சுக்கு ஏறி இறங்கியது.

2.12. டொக். டொக். டொக்.

காருக்குள்ளிருந்துதான்.

கதவைத் திறந்தார்.

பின்சீட்டில் குட்டிம்மா... வியர்வையில் தொப்பலாக நனைந்து... கண் செருகி...

வாரித் தூக்கினார். முன்னறைக்கு ஓடினார்.

பாய் காலி.

குழந்தை பிழைத்துவிட்டாள். யார் செய்த புண்ணியமோ. ஆனால் ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையை டாக்டர் சும்மா விடவில்லை.

"ஒரு மணி நேரமாவது உள்ள இருந்திருக்கா. நீங்க என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?"

"பாயில தூங்கிட்டிருந்தா சார்... நான்தான் போத்தி விட்டேன்..."

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அன்றைக்கு அவர்மேல் வெறுப்புதான் வந்தது.

மூன்றாம் நாள் கார்க்காரர் வந்தார். வயதானவர். நடந்ததைக் கேட்டதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அக்கா பையன், ரெண்டு வயசு. இதே வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டான். பொழைக்கல" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"அக்கா சாகுற வரைக்கும் ஒண்ணுதான் சொல்லிட்டிருந்தா. பையன் கட்டில்லதான் தூங்கிட்டிருந்தான், நான்தான் போத்தி விட்டேன்னு. நாங்க ஒருத்தர்கூட நம்பல."