பின்சுவர் எண்

நோரீன் காட்புவாவுக்கு வேலை, எண் சொல்வது. ஆபரேஷன் தியேட்டரில் குளிர்ந்த மருந்து செலுத்தி இதயத்தை நிறுத்திவைத்துத் தைக்கும்போது, அந்தத் தசை மூச்சுக்குத் தவிக்கிறதா என்று பார்க்க இரண்டு மெல்லிய ஊசிகளைச் செருகுவார்கள். முன்சுவரில் ஒன்று, பின்சுவரில் ஒன்று. ஆக்ஸிஜன் குறைந்தால் தசையில் அமிலம் ஏறும், அவள் முன்னாலிருக்கும் பெட்டியில் எண் இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் அதை உரக்கச் சொல்ல, டாக்டர் ஹாலோரன் தலை நிமிராமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அது அந்த அறையின் வழக்கம்.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் ஒரு மரவீட்டின் மூன்றாம் மாடியில் தனியாகக் கிடக்கும் ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு, தான் சொன்னதை ஒருவர் காதில் வாங்கிக்கொள்ள உலகத்தில் இருந்த இடம் அது ஒன்றுதான். சிரிக்காதீர்கள். புருஷன் ரே ஃபுளோரிடாவுக்குப் போனவன் போனவன்தான். மகள் போன் செய்தால் பனி பெய்ததா என்று கேட்பாள், அதோடு சரி. வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலைவரை நோரீனுக்கு வாய் திறக்க வேலையில்லை.

அக்டோபரில் ஒரு தப்பு நடந்தது. எண் சரசரவென்று இறங்க, அவள் பதறிச் சொல்ல, டாக்டர் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஊசி நழுவி வெளியே கிடந்தது. ஐந்து நிமிடம் வீண். இதயம் நின்றிருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் என்பது விளையாட்டில்லை. அன்றைக்கே டாக்டர் சொல்லிவிட்டார், இன்னொரு முறை இப்படி ஆனால் பெட்டி ஸ்டோருக்குப் போகும், நோரீன் கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனை அறைக்குப் போவாள் என்று.

பிப்ரவரியில் ரோலண்ட் பெல்கி வந்தார். நகராட்சியின் பனி வாரும் வண்டி ஓட்டுபவர், இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. இதயம் நின்று நாற்பது நிமிடம் ஆனபோது முன்சுவர் ஏழு புள்ளி இரண்டில் அசையாமல் நின்றது. பின்சுவர் ஆறு புள்ளி எட்டு. பிறகு ஆறு புள்ளி ஐந்து.

அவள் ஊசியின் கம்பியைப் பார்த்தாள். நழுவவில்லை. நழுவாத மாதிரிதான் தெரிந்தது. டாக்டர் மிக நுணுக்கமான தையலில் இருந்தார். அடுத்த முறை எண் சொல்லும் நேரம் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. பாவி மனுஷி, அந்த அரை நிமிடத்தில் தன்னைப் பற்றித்தான் நினைத்தாள். அதற்காகப் பின்னால் எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

"பின்சுவர் ஆறு புள்ளி மூணு, டாக்டர்."

டாக்டர் திருப்பிச் சொல்லவில்லை. "உன் பெட்டிக்கு மறுபடியும் ஜுரமாம்மா?" என்றார். இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் செலுத்தும் பம்பை ஓட்டும் ட்வைட் தரையைப் பார்த்தான்.

"ஊசி சரியா இருக்கு. பின்பக்கத்துக்கு மருந்து போய்ச் சேரலை. பின்னாலிருந்து ஒரு தடவை குடுங்க."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா இவர் எழுந்திருக்க மாட்டார்னு நினைக்கிறேன்."

டாக்டர் தையல் ஊசியை வைத்துவிட்டு, இதயத்தின் பின்பக்க ரத்தக்குழாய் வழியாகக் குளிர்ந்த மருந்தைச் செலுத்தச் சொன்னார். எண் மெல்ல ஏறியது. ஆறு புள்ளி ஆறு, ஆறு புள்ளி ஒன்பது, ஏழு. நோரீன் ஒவ்வொன்றையும் சொன்னாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கடைசியில் ரத்தம் வராமல் பெரிய குழாயை இறுக்கியிருந்த கவ்வியை எடுத்ததும் பெல்கியின் இதயம் மின்னதிர்ச்சி எதுவும் இல்லாமல், தானாகவே துடிக்க ஆரம்பித்தது. அத்தனை அழகாக இதயம் திரும்புவது அபூர்வம். நோரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். கோபமாகக்கூட இல்லை. "பாத்தியாம்மா? நிஜமாவே பட்டினி கிடந்த இதயம் இப்படி எழுந்திருக்குமா? குளிர்ந்த மருந்து ஊசில பட்டுச்சு, எண் ஏறிடுச்சு. அவ்வளவுதான். எனக்கு ஆறு நிமிஷம் போச்சு."

என்ன பதில் சொல்ல முடியும்? அந்த ஆள் செத்திருந்தால் அவள் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். பிழைத்துவிட்டார், அதனால் அவள் சொன்னது தப்பு. திங்கட்கிழமை பெட்டியை உறைபோட்டு மூடி ஸ்டோருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கீழ்த்தளத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அங்கே இயந்திரங்கள் தாமாகவே எண்ணை அச்சடித்துக்கொள்ளும், யாரும் எதையும் வாயால் சொல்லத் தேவையில்லை.

புதன்கிழமை மதியம் அவள் வார்டுக்கு ஏறிப் போனாள். இந்த வேலையில் இருந்த பதினொரு வருடத்தில் கண் திறந்திருக்கும் நோயாளி ஒருவரை அவள் பார்த்ததேயில்லை. பெல்கி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் நல்ல நிறம். அவள் என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வாங்கம்மா. எனக்குப் போதும், சாப்பாட்டுத் தட்டை எடுத்துட்டுப் போயிடுங்க." பிறகு பூரிப்பை அடக்கமாட்டாமல், "என் இதயம் தானாவே துடிச்சுதாம், தெரியுமா? டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாராம்" என்றார்.

"ஆமா, நானும் கேள்விப்பட்டேன்" என்றாள் நோரீன்.

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதை எந்தத் தள்ளுவண்டியில் வைப்பது என்று தெரியாமல் நடையில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.