மருமகள் செய்து காட்டியது

கிரிவலப் பாதையில் எங்கள் டீக்கடை முன்னால் நிற்கிறவர்கள் டீக்காக மட்டும் நிற்பதில்லை. என்மேல் அம்மன் இறங்குகிறாள் என்பது எங்கள் ஊர் அடி அண்ணாமலை முழுக்கத் தெரியும். நான் யாரையும் கூப்பிட்டதில்லை. வந்தவர்கள் நெற்றியைக் காட்டினார்கள், விபூதி வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமென்ன, ஜாஸ்தியாகவே இருந்தது.

அம்மன் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. நினைவு திரும்பும்போது எதிரே யாராவது கற்பூரம் ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். உடம்பு அசந்திருக்கும். அவ்வளவுதான்.

ஒரு நாள் பால் பாத்திரத்தை இறக்கும்போது அப்படி ஆகி, கொதிக்கிற பால் இடது கையில் கொட்டிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கால் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். சாமி விஷயத்தை ஆஸ்பத்திரியில் எதற்குச் சொல்வது?

மறுநாள் காலையில் பெரிய டாக்டரம்மா, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் கட்டிலைச் சுற்றி நின்றார். ஒரு பெண்ணை என்னிடம் விசாரிக்கச் சொன்னார்.

"எந்தக் கால் வழுக்குச்சு பாட்டி?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அவங்களுக்குத் தெரியாதும்மா. கூட இருந்து பார்த்தவங்களைக் கேளு" என்றார் டாக்டரம்மா.

கட்டிலோரம் மருமகள் நின்றிருந்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அத்தை வழுக்கவே இல்லீங்க. நின்னபடியேதான் ஊத்திக்கிட்டாங்க. அடிக்கடி அப்படி ஆவாங்க. ஊர்ல சாமி வருதுனு சொல்லுவாங்க."

"எப்படி ஆவாங்க? வாயால சொல்லாத, செஞ்சு காட்டு. பசங்க பார்க்கட்டும்."

மருமகள் முந்தானையை இடுப்பில் செருகினாள். முகம் செத்துப்போன மாதிரி ஆனது. கண் சுவரில் நிலைகுத்தியது. வாய் வெறுமனே மென்றது, சப்புக்கொட்டியது. வலது கை புடவைக் கொசுவத்தை இழுத்து இழுத்து விட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். டாக்டரம்மா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

ஊரே பார்த்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அசைபோடுகிற மாடு மாதிரி இருந்தது. இதற்காகவா என் காலில் விழுந்தார்கள். போர்வையை முகத்துக்கு இழுக்கப் பார்த்தேன். கட்டுப் போட்ட கை வரவில்லை.

"வலிப்புங்களா மேம்? கை கால் இழுக்கவே இல்லையே" என்றாள் அந்தப் பெண்.

"இழுக்காமலும் வரும். வழுக்கிச்சுனு எழுதி கட்டுப் போட்டு அனுப்பியிருந்தா, அடுத்த தடவை அடுப்பு மேலயே விழுந்திருப்பாங்க. பார்த்தவங்களைக் கேக்காம எழுதாதீங்க."

மேற்கொண்டு சோதனை எல்லாம் செய்து பார்த்து, வலிப்புதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் மருமகளைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தனை பேர் எதிர்ல என் மானத்தை வாங்கிட்டியேடி."

"கற்பூரம் காட்டினவங்க யாராவது பாத்திரத்தைப் பிடிச்சாங்களா அத்தை? ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து அடுப்பை அணைச்சது நான்தான்."

"அப்பவே சொல்றதுதானே."

"சொல்லியிருந்தா வீட்ல வெச்சிருப்பீங்களா?"

வைத்திருக்க மாட்டேன். சாமி குத்தம் என்று அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த பௌர்ணமிக்குக் கடை திறந்தோம். அடுப்புப் பக்கம் மருமகள் என்னை விடவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து தலை குனிந்து நின்றாள்.

"அம்மன் எல்லாம் இல்லம்மா. வலிப்பு. மாத்திரை சாப்பிடறேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அம்மா எங்களைச் சோதிக்கிறா" என்று அவள் இன்னும் குனிந்தாள். பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். விபூதித் தட்டு கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவளைக் கேளு. பார்த்தது அவதான்."

மருமகள் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். செய்யட்டுமா என்று கேட்கிற பார்வை. சரி என்று தலையை ஆட்டினேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகும்போது நான் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.