எம்மெட் அணி மாறினான்

லூசியானாவில் எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் எம்மெட் ஃபான்டெனோவுக்கு ஒரே வேலைதான். குனிந்து நின்று, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் எறிய வேண்டும். நான் அதைப் பிடித்து எதிரணிப் பக்கம் உதைப்பேன். இரண்டு வருடம் அவன் எறிந்த பந்தெல்லாம் என் கையில் வந்து உட்கார்ந்தது; அப்படி ஒருவன் ஆடுவதே ஊரில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் வருடம் எங்கள் பரம வைரிகளான பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆடியபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து என் தலைக்கு மேலே பறந்துபோனது. திரும்பி ஓடினேன். அவர்கள் முந்திக்கொண்டார்கள். தோற்றோம்.

அதற்குப் பிறகு ஊர் அவனை விடவில்லை. வழக்கமாகச் சாப்பிடும் கடையில் பரிமாறுகிற அம்மாள் சூப்புக் கிண்ணத்தை நீட்டி, "பாத்துப் புடி தம்பி, தலைக்கு மேல போயிடப் போவுது" என்பாள். கடையே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் பயிற்சியில் ஒவ்வொரு பந்தையும் எறிவதற்கு முன் மூன்று நான்கு முறை துடைத்துக்கொண்டே இருந்தான்.

வேறு கல்லூரிக்குப் போய்விடு என்று நான்தான் சொன்னேன். ஆட்டக்காரர்கள் அணி மாறுவது இப்போது சகஜம். ஆனால் எங்கள் கோச் டாகெட் தன்னைத் துரோகி என்பார் என்று எம்மெட் பயந்தான். துணைக்கு நானும் அவர் அறைக்குப் போனேன். அவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் டாகெட் சொன்னார்:

"நானே சொல்லணும்னு இருந்தேன்ப்பா, வாய் வரல. நீ வாடிப்போறதப் பாக்க முடியல. போ, எங்கயாவது நல்லா ஆடு."

வெளியே வந்ததும் எம்மெட் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அணி மாற விரும்புவோர் பட்டியலில் அவன் பெயர் ஏறியும், வாரக்கணக்கில் யாரும் கூப்பிடவில்லை. அப்பாவின் இறால் படகுக்கே போய்விடலாமென்று அவன் மூட்டை கட்டத் தொடங்கினான். அப்போதுதான் பக்கத்து மாநிலமான அர்கன்சாவில் ஒரு சின்னக் கல்லூரியின் கோச் டட்டன் அழைத்தார். எம்மெட்டுக்கு மறைக்கத் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே அந்தத் தோல்வியைச் சொல்லிவிட்டான். ஃபோனில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

"டிவில பாத்தேன் தம்பி. எங்க டீம் பையன் வாராவாரம் அப்படித்தான் எறியுறான். நீ ஒரே ஒரு தடவைதானே?"

எம்மெட் கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு, எப்போது வர வேண்டும் என்று கேட்டான்.

செப்டம்பரில் அவனுடைய முதல் ஆட்டத்துக்கு நான் காரோட்டிப் போனேன். அடைமழை. அவன் அணி தன் எல்லைக்கோடு வரை பின்தள்ளப்பட்டு நின்றது. அங்கே தவறினால் ஆட்டமே போய்விடும். எம்மெட் குனிந்தான். ஈரப் பந்து நேரே போய் உதைப்பவன் நெஞ்சோடு ஒட்டியது. அவன் உதைக்க, அது எங்கே விழுகிறதென்று கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது.

ஆட்டம் முடிந்ததும் சேறும் தண்ணீருமாக என்னிடம் ஓடிவந்தான். "என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?"

"ஒருத்தரும் உன் பேரையே எடுக்கலடா" என்றேன்.

அந்தச் சேற்றோடே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.