கறுத்த புள்ளியில் அண்ணனைப் பார்த்த மதினி

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் எங்கள் வீட்டில் காட்டிவிடாதீர்கள். தெரிந்தால் அண்ணன் என் முகத்தில் விழிக்கமாட்டான்.

முந்தாநாள் தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மஞ்சள் காமாலையில் மதினி இறந்துவிட்டார்கள். அம்மா அலறினாள். எனக்கோ, இனி அண்ணன் பழையபடி என் அண்ணன் என்றுதான் முதலில் தோன்றியது.

அண்ணன் தீயணைப்புத் துறையில் முக்குளிக்கிறவன். குற்றால சீசனில் ஆற்றில் விழுந்தவர்களைத் தேடுவான். இலத்தூர் குளத்தில் அவன் பழகும்போது கரையில் கயிற்றைப் பிடித்திருப்பது நான்தான். மதினி வந்தபின் கயிறு போய், வெப்பத்தைப் படமெடுக்கும் கேமரா வந்தது. அவர்கள் வேலை பார்த்த கம்பெனியின் கேமரா.

"தண்ணிக்குள்ள கெடக்கவன இது காட்டுமாக்கும்?" என்று மதினியிடம் கேட்டேன்.

"உள்ள பாக்காதுட்டி. மேல்தண்ணி வெயில்ல சுட்டுக் கெடக்குல்லா? உங்க அண்ணன் விடுத மூச்சு குமிழா வரும்போது அடியில உள்ள குளுந்த தண்ணியத் தூக்கிட்டு வரும். அந்தா, கறுத்த புள்ளி. அவருதான்."

அந்தப் புள்ளியை அவர்கள் பார்த்த பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

கம்பெனிக்குக் காட்ட மதினி அதைப் பதிவு செய்த நாளில், ஒரு மணி நேரம் அண்ணனைத் தவிர யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது என்றிருந்தார்கள். நான் புதர் மறைவில் இறங்கிக் காலால் கலக்கினேன். அடித்தண்ணீர் மேலே வந்து, திரை முழுக்கக் கறுப்புத் திட்டுகள்.

"எங்க இருக்கிய? எங்க இருக்கிய?" நீச்சல் தெரியாத மதினி கழுத்தளவு தண்ணீருக்கு ஓடினார்கள்.

அண்ணன் எழுந்து சிரித்தான். "ஒம் பொட்டி என்னயத் தொலச்சிட்டே!"

"என் கணக்கு தப்பிட்டு" என்றார்கள். பிறகு என் நனைந்த பாவாடையைப் பார்த்து, மெதுவாக, "கொளத்தக் கலக்குன எருமைக்கு ரொம்பச் சூடோ? நான் சொல்லமாட்டேன். நீயே அவருகிட்டச் சொல்லு" என்றார்கள்.

நான் சொல்லவில்லை. மறுவாரம் அவர்கள் படுத்துவிட்டார்கள்.

இன்று துக்கத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன், "கெட்டிக்காரிதான். பொட்டிதான் பொய்யாப் போச்சு" என்றான். நாளை அதைத் திருப்பி அனுப்புகிறான். இனித் தண்ணீருக்குள் அவன் எங்கே இருக்கிறான் என்று கரையில் யாருக்கும் தெரியாது.

மதினி, உங்கள் கணக்கு தப்பவில்லை. அந்தக் கேமராவை மடியில் வைத்து அவன் அழுவதைப் பார்த்து இப்போதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. போய் வாருங்கள்.

கதவைத் தட்டுகிறார்கள்.

"ஏட்டி, இன்னுமா தூங்கல?"

அண்ணன்தான். இந்தத் தாளை ஒளிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கதவைத் திறக்கப் போகிறேன்.